பௌர்ணமியன்று குகை மூடியிருக்கும்

1

பக்கத்து வீட்டு ஷைலா காகு போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பளபளப்பான தாளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பன்னிரண்டு நாள், மூன்று நாடுகள், போகவர விமானம், வழியெல்லாம் மராட்டிச் சாப்பாடு. காகு என்றால் இங்கே சித்தி மாதிரி. வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். தன் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதிலிருந்து எங்காவது போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நேபாளத்தில் ஆரம்பித்து இலங்கையில் முடியும் ஒரு சுற்றுலாவில் பெயர் கொடுத்துவிட்டார். நான் பழைய சின்னங்கள் சம்பந்தமான அலுவலகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், எந்த ஊருக்கு என்ன செருப்பு என்பதுவரை என்னிடம்தான் கேள்வி.

தாளின் கடைசிப் பக்கத்தில் இலங்கையில் உள்ள ஒரு மலைக் குகைக் கோயிலின் படம். அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: பௌர்ணமியன்று ஓவியக் குகை மூடியிருக்கும். காகுவுக்கு அதில் சந்தோஷம். அவர்கள் போவது பௌர்ணமிக்கு மூன்றாம் நாளாம். உள்ளூர்க் கூட்டம் இருக்காது, நிம்மதியாகப் பார்க்கலாம் என்று கம்பெனிக்காரர் சொன்னாராம். நான் ஆமாம் என்றேன். டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட்டேன். காகு அதைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரி என்னால் வந்தது. ஐந்து வருஷமாக அது ஏதோ கோப்பில் தூங்குகிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அச்சாகி என் வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் அது அலுவலகத்துக்குப் போய்விடும். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

2

என் பெயர் கோமதி. பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமாகி தொண்ணூற்றொன்றில் புனே வந்தேன். வீட்டுக்காரருக்கு போசரியில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, குடியிருப்பு நிக்டியில். இதை வெளிநாடு என்று சொன்னால் சிரிப்பீர்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லைதான். ஆனால் வந்த முதல் வருஷம் ரேஷன் கார்டுக்கு அலைந்தபோது, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் என் திருமணப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எந்த தேசத்து எழுத்து என்று கேட்டார். இந்தி ஆறு மாதத்தில் வந்தது, மராட்டி மூன்று வருஷத்தில். மகள் நித்யாவுக்கு இரண்டும் பிறந்ததிலிருந்தே. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "அம்மா, டபா பர்லா கா?" என்பாள். சாப்பாட்டு டப்பாவை அடைத்தாகிவிட்டதா என்று அர்த்தம். அதில் 'அம்மா' மட்டும்தான் தமிழ்.

நான் படித்தது வேதியியல். தொண்ணூற்றாறில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. பழைய குகைகளுக்குள் எத்தனை பேர் ஒரே நேரத்தில் போகலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அளந்து சொல்வது எங்கள் பிழைப்பு. மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள், வியர்க்கிறார்கள். அந்த ஈரம் சுவரில் ஏறினால் சுண்ணாம்புப் பூச்சு உப்பும், பிறகு வண்ணம் உதிரும். ஓவியத்தைக் காட்டினால்தான் ஊருக்கு நாலு பேர் வருவார்கள், வருகிறவர்களின் மூச்சே ஓவியத்துக்கு எமன். இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

புனே பக்கத்துக் குகைகளில் ஐந்து வருஷம் இதைச் செய்தோம். பிறகு பக்கத்து நாடுகளோடு சேர்ந்து ஒரு திட்டம் வந்தது. இந்தியா, நேபாளம், இலங்கை மூன்றிலும் யாத்திரைக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் ஒரே பாதையில் போகிறார்கள், அதனால் மூன்றுக்கும் ஒரே கையேடு வேண்டும் என்றார்கள். எங்கள் மேலதிகாரி ஜோக்ளேகர் சார் கணக்கெடுப்புப் படிவத்தைத் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் புனேக் குகைகளுக்குப் போட்டிருந்த படிவத்தையே தட்டிச் சரிசெய்து அனுப்பினேன்: மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று வேலைநாள். ஞாயிறு என்றால் கூட்டம், அதைக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை.

நேபாளத்திலிருந்து ஒரு வரியில் கடிதம் வந்தது. எங்களுக்கு வார விடுமுறை சனிக்கிழமை, ஞாயிறு அலுவலகம் உண்டு என்று. அசடு வழிய அதைத் திருத்தினேன். திருத்தியதும் எனக்குப் பெருமை வேறு. இனி ஒரு தப்பும் இல்லை என்று நம்பிவிட்டேன். இலங்கையில் ஞாயிறு விடுமுறைதானே என்று அதை அப்படியே விட்டேன். அங்கே கோயிலுக்குக் கூட்டம் வருவது பௌர்ணமியில். அன்று நாடே விடுமுறை, வெள்ளையுடுத்தி ஊர் ஊராகக் கிளம்பி வருவார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் பௌர்ணமிக்கு வட்டம் போட்ட நாள்காட்டி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் அம்மா மாதாமாதம் அன்றைக்கு விரதம் இருப்பவள். எனக்கு உறைக்கவில்லை.

கணக்கெடுப்பு முழுக்க முடிந்த பிறகு கொழும்பிலிருந்து சுனேத்ரா எழுதினாள். அங்கே அந்தக் குகையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவள்தான். உங்கள் படிவத்தில் எங்கள் உண்மையான நாள் இல்லை, ஒருமுறை நேரில் வந்து அளந்துவிட்டுப் போ என்று கேட்டிருந்தாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இந்தியாவிலிருந்து வந்த படிவம், ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்தோம் என்றாள்.

3

அது இரண்டாயிரத்து மூன்று. அங்கே சண்டை நின்றிருந்த காலம். நின்றிருந்தது என்றுதான் சொன்னார்கள், தீர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் நான் பாவாடை சட்டை போட்ட வயதில், காலையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ரேடியோவிலும் கடலுக்கு அந்தப்பக்கத்துத் தமிழ்தான் கேட்கும். அவ்வளவு சுத்தமாக நாங்கள் பேசமாட்டோமே என்று பொறாமையாக இருக்கும். அந்த நாட்டுக்குப் போகும்போது தமிழை வெளியில் எடுக்காதே என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். சொன்னது வீட்டுக்காரர்.

"ஏட்டி கோமு, அங்கன போயி வாயத் தொறக்காத. இங்கிலீசுலயே சமாளிச்சிட்டு வந்துரு," என்றார்.

கிளம்பிய அன்று விமான நிலையத்தில் எனக்கு வெட்கமான ஒரு நிம்மதி வந்தது. என்றைக்காவது நித்யா இந்த நாட்டுக்குப் போனால் அவளுக்கு இந்தப் பயம் வேண்டாம், அவள் வாயில் தமிழ் வராது என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை என்று அவள் காதைத் திருகியிருந்தேன்.

சுனேத்ரா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நல்ல உயரம், நடந்தால் நாம் ஓடவேண்டும். முதல் நாள் மாலை குகைக்குள் கூட்டிப்போய், ஓவியங்களைக் காட்டுவதற்கு முன்னால் வலதுபக்கச் சுவரை விரல்முட்டியால் மெதுவாகத் தட்டிக் காட்டினாள். ஒரு கை நீளத்துக்கு உள்ளே காற்று நின்றது. பூச்சு பாறையை விட்டுவிட்டது. அதன்மேல் வரிசையாகத் தாமரை ஏந்திய பெண்கள், நீலமும் செம்மண்ணுமாக. சாய்ந்தால் போதும், கீழே வந்துவிடும் என்றாள். கயிறு கட்டலாமே என்றேன். கேட்டு மூன்று கடிதம் எழுதியாகிவிட்டது, சாமி கும்பிடுகிற இடத்தில் கயிறு கட்ட யார் அனுமதி தருவது என்று இரண்டு இலாகா பேசிக்கொண்டிருக்கிறது என்றாள். சுவரைத் தொடாதீர்கள் என்பதற்கு சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொல்லித்தந்தாள். விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நின்று அதை இருபது முப்பது தடவை சொல்லிப் பார்த்தேன்.

4

பௌர்ணமி காலையில் கருவியை மூலையில் வைத்தேன். வெப்பத்தையும் ஈரத்தையும் தானே கோடு போட்டுப் பதிகிற பழைய கருவி அது. தாள் சுற்றிய பித்தளை உருளை ஒன்று சாவி கொடுத்த கடிகாரத்தில் மெல்லச் சுற்றும். உட்கார்ந்து கேட்டால் டிக் டிக் என்று கேட்கும். எங்கள் புனேக் குகைகளில் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

கூட்டம் வந்தது. நான் பயந்த மாதிரி இல்லை என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும். வெள்ளையுடுத்தி, கையில் பூத்தட்டோடு, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். விளக்கை வெளியே ஏற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். யாரும் சுவரைத் தொடவில்லை. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கையால் சுவரிலிருந்து விலகச் சொல்லிக்கொண்டே போனார். தலைமுறையாகப் பழகிய ஒழுங்கு அது. கோடு மெதுவாக ஏறியது, ஆனால் அபாய அளவுக்கு வெகு கீழேயே நின்றது. பத்து மணி வரைக்கும் அப்படித்தான்.

பத்து மணிக்கு ஒரு மனிதர் தோளில் குழந்தையோடு வந்தார். குழந்தை மேலே எதையோ பார்க்கக் கையை நீட்டியது. அவர் இன்னும் நன்றாகக் காட்டலாம் என்று இரண்டடி பின்னால் நகர்ந்து, வலதுபக்கச் சுவரில், சரியாக அந்த இடத்தில், முதுகைச் சாய்த்தார். கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகிய வாக்கியம் எங்கே போனதோ தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் புனேத் தெருவில் பேசிய இந்தியும் வரவில்லை.

"எய்யா, செவத்துல சாயாதிய!" என்று பாளையங்கோட்டைத் தெருவில் கத்துகிற மாதிரி கத்திவிட்டேன்.

குகை அப்படியே நின்றது. முந்நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு மூச்சு நேரத்துக்குச் சத்தமே இல்லை. அந்த அமைதியில் கருவியின் டிக் டிக் கேட்டது. யாரோ ஒரு பெண் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னாள், அர்த்தம் தெரியாமலே குண்டு என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

வாசல் குனிந்து போகும் உயரம். உள்ளே இருந்தவர்கள் அதை நோக்கி நெருக்கியதில் கூட்டம் வலதுபக்கச் சுவரோடு சுவராக உரசியது. நான் கையை விரித்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றேன். அதையும் தமிழில்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் குகை காலி. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது, சிலருக்குச் சிராய்ப்பு. உயிருக்கு ஒன்றும் இல்லை. தரையெல்லாம் பூ மிதிபட்டுக் கிடந்தது. அதன்மேல் நீலத்தூள். தாமரை ஏந்திய பெண்களில் நான்கு பேருக்கு இடுப்புக்குக் கீழே வெறும் பாறை.

காவலுக்கு நின்ற சிப்பாய் என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். கருவியை ஒருவரும் தொடவில்லை. ஒரு தகரக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார்கள், சொன்னேன். ஊர் புனே என்றேன், அந்தப் பெயருக்கும் ஊருக்கும் பொருத்தமில்லை என்று பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நித்யாவை இனிப் பார்ப்பேனா என்றுகூட நினைத்தேன்.

சுனேத்ரா வந்து, ஒவ்வொரு காகிதமாகக் காட்டி, கருவியைத் திறந்து உருளையைக் கழற்றிக் காட்டி, என்னை வெளியே கூட்டி வந்தாள். வேனில் ஏறியதும் ஆங்கிலத்தில், ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "நீ கத்தவில்லை. யாருமே கத்தவில்லை. கூட்டம் அதிகம், நெரிசல் ஆனது. நான் அப்படித்தான் எழுதப்போகிறேன்."

நான் சரி என்றேன். அவள் என்னைக் காப்பாற்றுகிறாள் என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது.

5

அவள் அப்படியே எழுதினாள். அதன் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தின் நெரிசலால் ஓவியச் சேதம் என்று ஒரு வரி. புனேயில் ஜோக்ளேகர் சார் அதைப் படித்துவிட்டு, இதைவிடப் பலமான ஆதாரம் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டார். மூன்று நாட்டுக் கையேட்டில் அது விதியாக ஏறியது: வழிபாடு நடக்கும் ஓவியக் குகைகளை, அதிகக் கூட்டம் வரும் நாளில் மூடவேண்டும். இலங்கையில் மூடினார்கள். அடுத்த வருஷம் நேபாளத்தில் ஒரு மடத்தில் ஓவிய அறையையும் பௌர்ணமிக்கு மூடியதாகச் சுற்றறிக்கை வந்தது. மற்ற நாளெல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் போகலாம். காகு போகலாம். ஒருவருக்கொருவர் கைகாட்டிச் சுவரைக் காத்துக்கொண்டு போனவர்கள், அவர்களுக்குரிய அந்த ஒரு நாளில் வெளியே நின்று கும்பிடவேண்டும்.

ஊரில் நாம் கோயிலைக் கெடுத்தது போதாதா என்று நினைப்பேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு சிற்பத்தின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு டியூப் லைட் உண்டு. அதில் உபயம் என்று போட்டு எங்கள் அப்பா பெயர். அப்பாவைக் கேலி செய்தபடி இந்த வேலைக்கு வந்தவள் நான். அவர் விளக்கைக் கழற்றிவிடலாம்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருமுறை ஜோக்ளேகர் சாரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அன்று நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் சார், அதனால்தான், என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பு மூன்று தலைநகர் போய் வந்தாகிவிட்டது, ஒரு வரியை மாற்ற அதே வழியில் மறுபடி போகவேண்டும், அதற்குள் உங்கள் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு அது மிரட்டலைவிட அதிகமாக வேலை செய்தது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு அவர், "நீ நெனச்சா செஞ்ச? பேசாம இரு," என்றார். இருந்தேன். நன்றாகவே இருந்தேன், காகு அந்தத் தாளை விரிக்கிறவரைக்கும்.

என்னை எது அதிகம் பயமுறுத்துகிறது என்று இந்த வாரம் முழுக்க நிக்டி பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். வேலை போய்விடுமோ என்று பயம் உண்டு. சண்டை மறுபடி முழுவேகத்தில் நடக்கிற இந்த வருஷத்தில், ஒரு தமிழச்சி கத்திக் கூட்டம் ஓடியது என்று எழுத்தில் போனால், அதை யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது. எல்லாவற்றையும்விட, இந்தப் பொய்யோடு எனக்கு இப்படிப் பழகிவிட்டதே என்று பயமாக இருக்கிறது.

6

வியாழக்கிழமை துணிந்து சுனேத்ராவுக்குப் போன் செய்தேன். ஐந்து வருஷம் கழித்து அந்தக் குரல். நான் சொல்வதற்கு முன்னாலேயே எதற்குக் கூப்பிடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாதாமாதம் அன்றைக்குக் குகை வாசலுக்குப் போய் நிற்கிறாளாம். பூட்டிய கதவுக்கு முன்னால் பூவை வைத்துவிட்டுப் போகிறார்கள், ஒருவரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றாள்.

உண்மையை எழுதி அனுப்புகிறேன், சேதம் கூட்டத்தால் இல்லை, என் குரலால் என்று. காலை பத்து மணி வரைக்கும் கோடு எப்படி இருந்தது என்பதற்குக் கருவியின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதையும் இணைக்கிறேன், என்றேன். பொய்யை எழுதியது அவள் கை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. தமிழச்சி ஒருத்தியைக் காப்பாற்ற அரசாங்க அறிக்கையில் பொய் எழுதிய அதிகாரி என்று அவளைக் கேட்பார்கள், இந்தச் சமயத்தில்.

"எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. எட்டு மாதம் பொறு. பிறகு என் பெயரையும் சேர்த்தே எழுது," என்றாள்.

சரி என்றேன். போனை வைத்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். உங்களிடம் மறைக்கப்போவதில்லை: எட்டு மாதம் ஒன்றும் செய்யவேண்டாம் என்று கேட்டதும், பரீட்சை தள்ளிப்போன பிள்ளை மாதிரி மனசு துள்ளியது. அன்று சாயங்காலமே புளிக்குழம்பு வைத்து நன்றாகச் சாப்பிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. எட்டு மாதத்தில் இன்னும் எத்தனை சாக்கு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்க வரும், நித்யாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரும், அங்கே சண்டை எப்படிப் போகுமோ. ஜோக்ளேகர் சார் மறுபடி கண்ணாடியைத் துடைப்பார். நான் என்னை நன்றாக அறிவேன்.

அதனால்தான் இதைத் தமிழில் எழுதி நம் ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்தக் குகையின் பெயரையும் என் அலுவலகத்தின் பெயரையும் சொல்லவில்லை. சுனேத்ராவும் ஜோக்ளேகரும் அவர்களுடைய பெயர்கள் இல்லை. என் அலுவலகத்தில் இதை வாசிக்க ஆள் கிடையாது. என் மகளுக்கும் வாசிக்கத் தெரியாது. அதில்கூட இப்போது எனக்கு ஒரு பாதுகாப்பு இருப்பதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. வாசிக்கப்போவது நீங்கள்தான்.

வருஷாவருஷம் ஆடியில் ஊருக்கு வருவேன். இந்தத் தடவை வருவதற்குள் எட்டு மாதம் தாண்டியிருக்கும். என்னைக் கடைத்தெருவிலோ கோயிலிலோ பார்த்தால், சுகமா, புனேயில் மழை உண்டா என்றெல்லாம் கேட்காதீர்கள். உண்மையை எழுதி அனுப்பிவிட்டாயா என்று கேளுங்கள். நான் பேச்சை மாற்றுவேன், வெயிலைப் பற்றிச் சொல்வேன், நேரமாச்சு என்பேன். விடாதீர்கள்.